நடுகல்லுக்கு இரண்டாம் கண்



கவிதை பயிலும் அவையில் கேமராவுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். தொல்காப்பியம் நடுகல்லுக்கு வகுத்த ஆறு துறைகளுள் முதலாவது 'காட்சி' என்பதை நினைவிற்கொண்டால் அவ்வையம் நீங்கும். கல்லை நடுவதற்கு முன் அதைக் காண வேண்டும். கண்டபின்னரே கால்கோளும் நீர்ப்படையும் நடுதலும் பிறவும். காட்சியையே முதற்கடனாக வைத்த மரபின் வழிவந்தோர், காணும் கருவியைப் பற்றிப் பேசுவது முறையே. பக்கத்தில் பக்கமாக வைத்த இரு கேமராக்களால் எடுத்து, சிவப்பு, பசுநீலக் கண்ணாடி வழியே பார்க்கும் முப்பரிமாணப் படக்கலையையும், அதனால் காரிமங்கலத்தைச் சூழ்ந்த வட்டாரத்துக்கு விளையக்கூடிய பயனையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

இரு கண்களின் வழக்கு

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறி மூடிப் பார்த்தால் விரல் இடம் பெயர்வது தெரியும். விரல் அசையவில்லை, சான்று சொல்லும் கண் மாறியது. மாந்தர் கண்களுக்கிடையே உள்ள தொலைவு ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர். அச்சிறு இடைவெளியால் ஒரே பொருளை இரு கண்களும் சற்றே வேறுபடக் காண்கின்றன. மூளை அவ்வேறுபாட்டைப் பிழையென்று தள்ளுவதில்லை. அதிலிருந்தே 'இது அண்மை, அது சேய்மை' என்னும் தீர்ப்பை எழுதுகிறது. ஆழம் இடப்படத்திலும் இல்லை, வலப்படத்திலும் இல்லை. இரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாட்டில் இருக்கிறது.

இவ்வுண்மையை 1838இல் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் ஆடிகள் பொருத்திய கருவியொன்றால் மெய்ப்பித்தார். 1853இல் செருமானியரான வில்ஹெல்ம் ரோல்மன், இரு படங்களையும் இரு நிறங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து, நிறக்கண்ணாடிகளால் பிரித்துப் பார்க்கும் வழியைக் காட்டினார். பிரான்சு நாட்டு லூயி டியுக்கோ டு ஓரோன் 1891இல் அதை அச்சுக்குக் கொண்டுவந்தார். இம்முறைக்கு வழங்கும் அனாகிளிஃப் என்னும் பெயர் கிரேக்க வேருடையது. புடைப்பாகச் செதுக்கியது என்பது அதன் பொருள். புடைப்புச் சிற்பமே பெயராக அமைந்த கலைக்கு, புடைப்புச் சிற்பங்கள் நிறைந்த நடுகல் நாட்டைவிடத் தக்க களம் வேறில்லை.

ஒற்றைக் கண்ணால் பதிவான வட்டாரம்

சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, தென்னாட்டில் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்துப் பிற இடங்களையும் காட்டுவது. இராயக்கோட்டை காரிமங்கலத்துக்கு வடமேற்கே உள்ளது. இன்றைய தருமபுரி நிலப்பகுதி 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது என்பதையும் இங்குக் கருதவேண்டும். டிரைப் மதுரையையும், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர்ச் சூழலையும் இரட்டைப் படங்களாகவும் எடுத்துத் தனித் தொகுதிகள் வெளியிட்டார். இராயக்கோட்டைத் தொகுதியோ ஒற்றைப் படங்களால் ஆனது. பெருங்கோபுரங்களுக்குக் கிட்டிய இரண்டாம் கண் கோட்டைப் பாறைகளுக்குக் கிட்டவில்லை.

திரைத்துறையும் இரண்டாம் கண்ணை நாடியது. 1984இல் மலையாளத்தில் 'மை டியர் குட்டிச்சாத்தான்', 1985இல் தமிழில் 'அன்னை பூமி' ஆகியன முப்பரிமாணப் படங்களாக வந்தன. குட்டிச்சாத்தானைக் காட்டிய முறை தளவிளைவுற்ற ஒளியை ஆள்வது, நிறத்தைக் காப்பது. ஆயின் அதற்கு உலோகப் பூச்சுடைய திரை வேண்டும். வெள்ளித்திரை என்னும் சொல் அங்கு உவமையன்று, தேவை. சிவப்பு, பசுநீல முறைக்கோ எந்தத் திரையும் போதும். பள்ளிச் சுவரிலும் தாளிலும் கைப்பேசியிலும் காட்டலாம். கண்ணாடிக்கு அட்டையும் இரு நிறத் தாள்களும் போதும். எளியோர் கைக்கு எட்டுவதே இதன் சிறப்பு.

இரு கேமராக்களின் இலக்கணம்

முதல் விதி ஒப்புமை. இரு கேமராக்களும் ஒரே வகையினவாக, ஒரே லென்சுடன், ஒரே உயரத்தில், இணையாக நோக்கவேண்டும். ஒன்று சற்று மேலும் மற்றொன்று சற்றுக் கீழும் இருந்தால், ஒரு கண்ணை மேலேயும் மறுகண்ணைக் கீழேயும் திருப்ப இயலாத பார்வையாளர்க்குத் தலைவலியே எஞ்சும். ஒளி அளவையும் குவியத்தையும் தானியங்கியாக விடாது நிலைநிறுத்த வேண்டும். ஒரே வகைக் கைப்பேசி இரண்டை நிமிர்த்தி ஒட்டிவைத்தால் லென்சுகளின் இடைவெளி ஏறத்தாழ ஏழு, எட்டு சென்டிமீட்டர் அமையும். பயிற்சிக்கு அது போதும்.

இரண்டாம் விதி இடைவெளி. மிக அண்மைப் பொருளின் தொலைவில் முப்பதில் ஒரு பங்கு என்பது பழகிய கணக்கு. இரண்டு மீட்டரில் நிற்பவரை எடுக்க ஆறரை சென்டிமீட்டர் பொருந்தும். தொலைவில் தெரியும் காரிமங்கலம் மலைக்கோயிலுக்கு அவ்விடைவெளி போதாது. குன்று தட்டையாகவே தோன்றும். இடைவெளியைப் பல மீட்டராக விரித்தால் ஆழம் கிட்டும்; ஆனால் குன்று கொலுப் பொம்மைபோல் சுருங்கிக் காட்டும்.

மூன்றாம் விதி காலம். இரு கேமராக்களும் ஒரே கணத்தைப் பார்க்கவேண்டும். நொடிக்கு 25 சட்டகம் எடுக்கும் கருவியில் ஒரு சட்டகத்தின் காலம் ஒரு நொடியில் 25இல் ஒரு பங்கு. தருமபுரி–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் மணிக்கு 36 கிலோமீட்டர் விரைவில் செல்லும் பேருந்து அந்நேரத்தில் 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அது கண்களின் இடைவெளியைப்போல் ஆறு மடங்கு. ஒரு சட்டகம் பிசகினால், ஒரு திசையில் செல்லும் பேருந்து சாலையை விட்டு முன்னே மிதக்கும். எதிர்த்திசையில் செல்வதைக் கண்கள் இணைக்கவே இயலாது. சந்தையில் நடந்து செல்பவர்கூட நான்கு சென்டிமீட்டர் பொய்யாவார். இதற்கு எளிய மருந்து, தொடக்கத்தில் இரு கேமராக்களின் முன்னும் ஒருமுறை கை தட்டுவது. உள்ளங்கைகள் சேரும் சட்டகத்தை இரண்டிலும் கண்டு பொருத்தலாம். அப்போதும் அரைச் சட்டகப் பிழை எஞ்சக்கூடும். ஆகவே விரைந்தோடும் பொருளைத் தவிர்ப்பதும், கருவியை மெல்ல நகர்த்துவதும் நலம்.

பின் இணைப்பு. கணினியில் ஒவ்வொரு படமும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று அடுக்குகளாக உள்ளது. இடப்படத்திலிருந்து சிவப்பு அடுக்கை மட்டும் எடுக்கவேண்டும். வலப்படத்திலிருந்து பச்சை, நீல அடுக்குகளை எடுக்கவேண்டும். இவ்விரண்டும் சேர்ந்ததே சயான் எனப்படும் பசுநீலம். மூன்றையும் ஒன்றாக்கினால் வெறுங்கண்ணுக்கு நிறம் விலகி அச்சான பக்கம்போல் தோன்றும். இடக்கண்ணுக்குச் சிவப்பும் வலக்கண்ணுக்குப் பசுநீலமும் பொருத்திய கண்ணாடி அணிந்தால், ஒவ்வொரு கண்ணும் தன் பங்கை மட்டும் பெறும். இறுதியாக ஒரு படத்தைக் கிடைமட்டமாகச் சற்றே நகர்த்தினால், காட்சி திரைக்கு முன் நிற்கவேண்டுமா பின் நிற்கவேண்டுமா என்பதை முடிவுசெய்யலாம்.

குறையே நிறையாகும் இடம்

இம்முறையின் குறையை மறைத்தல் ஆகாது. தெருக்கூத்தில் செந்நிற உடையோடு வரும் கட்டியக்காரனை எடுத்தால், அவ்வுடை ஒரு கண்ணுக்கு வெண்மையாகவும் மறுகண்ணுக்குக் கருமையாகவும் தெரியும். இரு கண்களும் பூசலிட, படம் மினுக்கும். நிறம் இங்கு ஆழத்துக்குக் கொடுக்கும் விலை. படத்தை மிகச் சுருக்கிச் சேமித்தால் நிற விளிம்புகள் கலைந்து நிழலுருவும் தோன்றும். ஆகவே இணைத்த படத்தைப் பார்வைப் படியாக மட்டும் கொண்டு, இடம், வலம் ஆகிய இரு மூலங்களையும் தனித்தனியே காப்பது கடமை.

நடுகல்லின் முன் அக்குறை நீங்குகிறது. கருங்கல்லுக்கு இழக்க நிறமில்லை. இரு படங்களையும் முதலில் கருப்பு வெள்ளையாக்கிப் பின் இணைத்தால் கண்களின் பூசல் அடங்கும். எஞ்சுவது புடைப்பு மட்டுமே. நடுகல்லின் ஆழம் விரலளவே என்பதால் முப்பதில் ஒரு பங்கு கணக்கை இங்குத் தளர்த்தலாம். பின்னுள்ள வயல்வெளி சட்டகத்தில் புகாமல், ஒரு மீட்டர் தொலைவில் நின்று, இடைவெளியைப் பத்து சென்டிமீட்டர் வரை விரித்தால் தேய்ந்த வில்லும் குறுவாளும் மேலெழும். காலை, மாலைச் சாய்வெயில் துணைநின்றால் வட்டெழுத்தின் கீறலும் தெளியும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரங்கள் நடுகற்களின் நாடு. ஆநிரை கவர்ந்தும் மீட்டும் மடிந்தோர் நினைவாகப் பல்லவர் காலத்திலேயே எழுந்தவை அவற்றுள் பல. செங்கத்தை அடுத்த எடுத்தனூர்க் கல் கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல்நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. அரசர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. ஆட்டையும் மாட்டையும் காத்தவனுக்கும் அவன் நாய்க்கும் இக்கல் அன்றி வேறு வரலாறு இல்லை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் காப்புப்பெற்ற கற்கள் பல. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வேடியப்பன் என வழிபாடு பெற்று நிற்பனவும் பல. மழையும் வெயிலும் ஆண்டுதோறும் ஒரு மயிரிழையைக் கொண்டுபோகின்றன. எண்ணெயும் மஞ்சளும் பூசும் அன்பு கல்லைக் காத்தாலும் எழுத்தை மறைக்கிறது. சாலை விரியும்போதும் வீடு எழும்பும்போதும் பெயர்க்கப்படும் கல்லுக்குப் பேச வாயில்லை.

ஒற்றைப் படம் உருவைக் காக்கும். இரட்டைப் படமே புடைப்பைக் காக்கும். அசையும் படமாயின் கல்லைச் சுற்றிவரும் பார்வையும், பொங்கல் வைக்கும் கைகளும், கல்லின் கதை சொல்லும் முதியோர் குரலும் உடன் நிலைக்கும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. கைப்பேசி இரண்டும், ஒரு மரச்சட்டமும், பொறுமையும், வழிபடுவோரின் இசைவும் போதும்.

காண இயலாதோரும் கற்பிப்பவரும்

ஒன்று நினைவில் இருத்தத்தக்கது. மாறுகண் உடையோர்க்கும் ஒரு கண் மங்கியோர்க்கும் இப்படம் ஆழம் காட்டாது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று குழந்தையின் கண்ணை அப்படியே விட்டுவிடும் வழக்கம் ஊர்களில் உண்டு. இளமையிலேயே மருத்துவம் செய்யாவிடில் ஒரு கண்ணின் பார்வை மங்கிப்போகலாம். இக்கண்ணாடி அணிந்து 'ஒன்றும் எழும்பவில்லையே' என்று சொல்லும் சிறுவனைக் கேலி செய்யாமல் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது பெற்றோர், ஆசிரியர் கடன். எனினும் காணாமை ஆற்றாமை ஆகாது. 1953இல் வெளிவந்து புகழ்பெற்ற 'ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்' முப்பரிமாணப் படத்தை இயக்கிய ஆந்த்ரே டி டோத் ஒரு கண்ணை இழந்தவர். தாம் காண முடியாத ஆழத்தைப் பிறர் காணச் செய்தார்.

வட்டத்துக்கு ஒரு சொல்

அகப்பாட்டின் உள்ளுறையை அறிந்தோர்க்கு இக்கருவியின் மறைபொருள் புதிதன்று. புறத்தே நிற்கும் கருப்பொருட் காட்சி ஒன்று. அதனோடு ஒத்துச் சற்றே விலகி நிற்கும் தலைமக்கள் நிலை மற்றொன்று. இரண்டையும் ஒருசேரக் கொள்ளும் நெஞ்சிலேயே பாட்டு ஆழம் பெறுகிறது. இரண்டும் முற்றும் ஒன்றாயின் தட்டை. முற்றும் விலகின் குழப்பம்.

இலக்கிய வட்டத்துக்கும் இவ்விதி பொருந்தும். ஒரே கவிதையை இருவர் இருவேறாகப் படித்து, ஒரே தளத்தில், ஒரே காலத்தில் நின்று பேசிய மாலைகளால் ஆனவை இப்பத்து ஆண்டுகள். அவ்வேறுபாட்டைப் பகையென்று கொண்டிருந்தால் வட்டம் என்றோ ஒற்றைக்கண் ஆகியிருக்கும்.

பதினோராம் ஆண்டில் வட்டத்தார் கவியரங்கோடு மற்றொரு பணியையும் மேற்கொள்ளலாம். உறுப்பினர் இருவர் இருவராகச் சென்று, தத்தம் ஊரின் ஒரு நடுகல்லையேனும் இரு கண்ணால் பதிந்து வரலாம். ஆறு துறைகளுள் முதலாவதாகிய காட்சியைக் கல்லுக்கு மீண்டும் செய்வித்த பெருமை காரிமங்கலத்துக்கு வாய்க்கும். கோவிவன் போலக் காவல் நிற்க, பெயர் அறியாக் கற்கள் இன்னும் காத்திருக்கின்றன.