தரவுக்கும் ஒரு மனைப்படம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அத்திவாரம் இடுமுன் வீட்டிற்குப் படம் வரைவது நம்மவர் வழக்கம். ஆனால், வங்கியோ, வைத்தியசாலையோ, கூட்டுறவுச் சங்கமோ தன் ஏடுகளைக் கணினியில் ஏற்றும்போது, படமின்றியே கட்டிடத்தை எழுப்பிவிடுவதைப் பல இடங்களிற் காண்கின்றோம். சேமிப்புப் பகுதிக்கு ஓர் அட்டவணை, கடன் பகுதிக்கு வேறோர் அட்டவணை. ஒரே மனிதர் இரண்டிலும் இரு வேறு ஆட்களாக நிற்கின்றார். இக்குறை நீங்கும் வழியையே இன்று சிந்திக்கப் புகுந்தோம்.

1970 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் கொட் என்பார், தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புற்ற அட்டவணைகளாக அமைக்கும் முறையை வெளியிட்டார். 1976 இல் பீற்றர் சென் என்னும் அறிஞர், பொருள்களையும் அவற்றிடையேயுள்ள உறவுகளையும் படமாக வரையும் முறையைத் தந்தார். ஈஆர்வின், பவர்டிசைனர் முதலிய மென்பொருள்கள் இக்கருத்துக்களின் வழிவந்தவை.

படம் மூன்று படிகளில் வளரும். முதற்படியில், வாடிக்கையாளர், கணக்கு, கடன் என அலுவலர் பேசும் மொழியிலேயே பொருள்களும் உறவுகளும் குறிக்கப்படும். அடுத்த படியில், ஒவ்வொன்றின் விவரங்களும், ஒருவரைப் பிறரினின்றும் பிரித்தறியும் திறவுகோலும் சேரும். இறுதிப் படியில் தரவுத்தளத்தின் அட்டவணைகள் உருப்பெறும். அவற்றை அமைக்கும் கட்டளைகளை மென்பொருளே எழுதித் தரும். முன்னமே உள்ள தரவுத்தளத்தைப் படித்து அதன் படத்தையும் வரையும்.

இதன் பயனை நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றால் விளக்குவோம். முன்னர்த் தேசிய அடையாள அட்டை எண், 9 இலக்கங்களும் ஓர் எழுத்துமாக இருந்தது. பிறந்த ஆண்டிற்கு அதில் 2 இலக்கங்களே. 2016 முதல் 12 இலக்க எண் வழங்கப்படுகின்றது. 10 இடங்களே ஒதுக்கி, அவ்வெண்ணையே திறவுகோலாகவும் கொண்ட தரவுத்தளம் என்னாகும்? புது எண் அதில் அடங்காது. இடத்தைக் கூட்டினாலும், பழைய எண்ணோடு ஒருமுறையும் புதிய எண்ணோடு மறுமுறையும் வருபவர் இருவராகிவிடுவார். படம் இருந்தால், அவ்வெண் எந்தெந்த அட்டவணைகளில் உள்ளதென்று உடனே காணலாம். முன்யோசனையுடையார் தம் நிறுவனத்திற்கென மாறாத இலக்கமொன்றைத் திறவுகோலாக்கி, அட்டை எண்ணை வெறும் விவரமாகவே வைப்பர்.

பெயரிலும் இத்தகைய இடர் உண்டு. மேல்நாட்டு முறையில் அமைந்த படிவங்கள் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும். நம்மவரோ தந்தை பெயரையே முதலெழுத்தாகக் கொள்வர். அதனைக் குடும்பப் பெயராக எழுதினால், தந்தையும் மகனும் வெவ்வேறு குடும்பத்தவராகத் தோன்றுவர்! இப்பிழையை மென்பொருள் அறியாது. நம் வழக்கம் அறிந்தவரே அறிவர்.

கணக்கை மூடியவரும் வாடிக்கையாளரா? ஒரு கணக்கிற்கு இருவர் உரியவராகலாமா? இவற்றிற்கு விடை கூற வல்லவர், நெடுங்காலம் அந்த ஏடுகளை எழுதிய பெரியோரே. அவ்விடைகளைப் படத்தில் ஏற்ற வல்லவர் வாலிபர். இரு சாராரும் ஒரே மேசையில் அமராவிடின், எத்துணை விலையுயர்ந்த மென்பொருளும் பழைய குழப்பத்தை அழகாக வரைந்து காட்டுமேயன்றித் தீர்க்காது.

ஆதலின், வாலிப அன்பர்களே, கணினியைத் தொடுமுன் மூத்தோரிடம் கேளுங்கள். பெரியோர்களே, அவர்கள் கேட்கும்போது பொறுமையோடு சொல்லுங்கள். ஒரு மனிதரின் பெயரைப் பிழையின்றிக் காப்பதும் ஒரு தொண்டே என்று கூறி அமைகின்றோம்.