தாமு சார் எப்படி நம்ம வீட்டு ஆள் ஆனாரு?

தாம்பரத்துல இருந்து பேசறேன். இன்னிக்கு ஒரு சமையல்காரரைப் பத்திப் பார்க்கப் போறோம். அந்த வார்த்தையை வேணும்னேதான் சொல்றேன். செஃப் தாமுன்னு நாம கூப்பிடற கே. தாமோதரன். 'சமையல்காரன்'ங்கற சொல்லுக்கும் 'செஃப்'ங்கற சொல்லுக்கும் நம்ம ஊர்ல எவ்வளவு தூரம்னு அவரோட பயணத்தை வச்சே அளந்துடலாம்.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். 1951-ல மீனாட்சி அம்மாளோட 'சமைத்துப் பார்' புத்தகம் வந்தது. கல்யாணமாகிப் போற பொண்ணுக்கு அதைச் சீராவே கொடுத்தனுப்பின வீடுகள் உண்டு. 1975-ல சென்னை தூர்தர்ஷன், 1993-ல சன் டிவி. சேனல்கள் பெருகப் பெருக, மத்தியான நேரம் சமையல் நிகழ்ச்சிக்குன்னு ஆச்சு. மல்லிகா பத்ரிநாத், கண்ணதாசன் மகள் ரேவதி சண்முகம் மாதிரி பெண்கள் வந்து வீட்டுச் சமையலைச் சொல்லிக் கொடுத்தாங்க. இன்னொரு பக்கம், வெள்ளைக் கோட்டு, உயரத் தொப்பியோட ஹோட்டல் ஆட்கள் வந்தாங்க. தாமு அந்த வழியில வந்தவர்.

ஹோட்டல் மேனேஜ்மென்ட்ல டாக்டர் பட்டம் வாங்கின செஃப்னுதான் அவரை மேடையில அறிமுகப்படுத்துவாங்க. ஆனா டிவியில அவர் பேசறது பக்கத்து வீட்டு மாமா பேசற மாதிரி இருக்கும். அதிராத குரல், அவசரமில்லாத கை. அரை மணி நேர நிகழ்ச்சியில விளம்பரம் போக மிஞ்சறது இருபது நிமிஷம் சொச்சம்தான். 'ரெண்டு மணி நேரம் ஊறணும்'னு சொன்ன அடுத்த செகண்டே ஊறினது ஒரு கிண்ணத்துல ரெடியா இருக்கும். அதுக்குப் பின்னாடி வெங்காயம் நறுக்கின கை, பாத்திரம் கழுவின கை எல்லாம் உண்டு. கேமரா அந்தப் பக்கம் திரும்பாது.

2010 டிசம்பர்ல அவர் ஒரு கின்னஸ் சாதனை செஞ்சாரு. இருபத்து நாலரை மணி நேரம், 617 ஐட்டம். கணக்குப் போட்டுப் பாருங்க, ரெண்டரை நிமிஷத்துக்கும் குறைவான நேரத்துல ஒண்ணு. இது ருசிக்கான சாதனை இல்லை, உடம்புக்கான சாதனை. சமையல்ங்கறது நின்னுக்கிட்டே செய்யற உடலுழைப்புன்னு அது காட்டிடுச்சு.

இங்க செஃப் ஜேக்கப்பையும் நினைக்கணும். தேனி மாவட்டம் உத்தமபாளையத்துக்காரர். சன் டிவியில 'ஆஹா என்ன ருசி' செஞ்சு வீடு வீடா தெரிஞ்ச முகம். 2012 நவம்பர்ல மாரடைப்புல போனப்போ வயசு வெறும் 38.

2019-ல விஜய் டிவியில 'குக்கு வித் கோமாளி' வந்தது. தாமுவும் வெங்கடேஷ் பட்டும் ஜட்ஜ். நம்ம வயசுக்காரங்களுக்கு தாமு சார் உண்மையில அறிமுகமானது அங்கதான். ரெசிபி எழுதிக்க யாரும் நோட்டு எடுக்கலை. சிரிக்கத்தான் பார்த்தோம். அதுவும் ரெண்டாவது சீசன் கொரோனா காலம், எல்லாருக்கும் சிரிப்பு தேவைப்பட்டது. அவ்வளவு அனுபவம் உள்ளவர் விக்கு வச்சு, வேஷம் போட்டு, கோமாளிகளோட ஆடினாரு. தரம் குறைஞ்சுதான்னு கேட்டா, எனக்கு அப்படித் தோணலை. கருகின குழம்பையும் ருசி பார்த்துட்டு, செஞ்சவங்க மனசு நோகாம குறை சொன்னாரு பாருங்க, அதுவும் ஒரு பாடம்தான்.

2025-ல பத்மஸ்ரீ. சமையலுக்காக.

இதனால என்ன மாறிச்சு? குரோம்பேட்டையில என் பெரியம்மா பையன் பிளஸ் டூ முடிச்சு கேட்டரிங் சேரணும்னான். "படிச்சுட்டு கரண்டி பிடிக்கப் போறியா?"ன்னாரு தாத்தா. பெரியம்மா டிவியைக் காட்டினாங்க: "அவரும் கரண்டிதாம்ப்பா பிடிக்கறாரு." தாத்தா வாயடைச்சுப் போனாரு. அவன் சேர்ந்தான். தாமு சார் போட்ட பாதை அதுதான்.

ஆனா பாதை அங்கயே முடியலை. அவன் இப்போ ஒரு ஹோட்டல்ல பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு, ராத்திரி கடைசி லோக்கலைப் பிடிச்சு வீடு வர்றான். சம்பளம் கேட்டா பேச்சை மாத்திடுவான். பேரு மட்டும் செஃப். அவனுக்காக வாதாடின பெரியம்மா முப்பது வருஷமா மூணு வேளையும் சமைக்கறாங்க. அவங்களுக்கு அந்தப் பேரும் இல்லை. ஆம்பளை செஞ்சா தொழில், பொம்பளை செஞ்சா கடமைங்கற கணக்கை எந்த டிவி நிகழ்ச்சியும் இன்னும் முழுசா மாத்தலை.

மரியாதை ஒரு மனுஷனுக்கு வந்துடுச்சு, சந்தோஷம். அது அந்தத் தொழிலுக்கே வரணும்னா வேலை நேரமும் சம்பளமும் மாறணும். வீட்டுல கரண்டி கை மாறணும்.

பெருங்களத்தூர் பக்கம் பி.ஜி.யில தங்கி மெஸ்ல சாப்பிடறவங்க நிறைய பேர் இதைக் கேட்கறீங்க. டிவியில வர்ற செஃப் பேரு எல்லாருக்கும் தெரியும். உங்க மெஸ்ல சமைக்கற அக்கா பேரு தெரியுமா? தெரிஞ்சா, அவங்க கதையை ஒரு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த வாரம் கேட்போம்.