ஏமாற்றுக்காரனா? ஆசிரியனா?



எதிரணி அம்மா பேசி முடிச்சதும் நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். தட்டி முடிச்சப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கேன்னு. (சிரிப்பு) அவ்வளவு நல்லாப் பேசினாங்க. ஆனா நல்லாப் பேசுறது வேற, சரியாப் பேசுறது வேற. என் வீட்டுலயே எனக்கு இந்த அனுபவம் தினமும் உண்டு. (சிரிப்பு)

படம் பார்க்காதவங்களுக்காக ரெண்டு நிமிஷம் கதையைச் சொல்லிடுறேன். ‘ஸ்கூல் ஆஃப் ராக்’, 2003-இல் அமெரிக்காவில் வெளியான நகைச்சுவைப் படம். இயக்கியவர் ரிச்சர்ட் லிங்க்லேட்டர். கதை எழுதியவர் மைக் வைட். கதாநாயகன் ட்யூவி ஃபின், கிட்டார் வாசிக்கிறவன். நடித்தவர் ஜாக் பிளாக். மேடையில் ஏறினால் இறங்க மாட்டான். மத்தவங்களை வாசிக்கவும் விட மாட்டான். நம்ம பட்டிமன்றத்துலயும் அப்படி ஆள் உண்டு, நடுவர் மணியை அடிச்சாலும் காதுல விழாது. (சிரிப்பு) சொந்தக் குழுவே அவனை வெளியே தள்ளிடுது. வாடகை கொடுக்கக் கையில் காசில்லை. கூடத் தங்கியிருக்கிற நண்பன் நெட், ஆசிரியர் விடுப்பில் போனால் அந்த இடத்துக்குப் போகிற மாற்று ஆசிரியர். ஒருநாள் ஹோரஸ் கிரீன் என்கிற பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து நெட்டுக்குப் போன் வருது. எடுத்தவன் ட்யூவி. ‘நான்தான் நெட்’ன்னு சொல்லிட்டுப் போய் வகுப்பில் உட்கார்ந்துட்டான். எதிரே பத்து வயதுப் பிள்ளைகள். பாடம் நடத்தவில்லை. பிள்ளைகளை வைத்து ஒரு ராக் இசைக்குழு அமைத்து, போட்டிக்குத் தயார் செய்கிறான். இதுதான் கதை.

படம் வந்து இருபது வருஷம் தாண்டிருச்சு. இன்னும் பார்க்கிறவங்க ரெண்டு கட்சியாப் பிரியறாங்க. என் வீட்டையே எடுத்துக்குங்க. என் மகள் போட்டுக் காட்டினாள். அவள் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. பக்கத்துல என் மனைவி சிரிக்கவே இல்லை. “ஏங்க, அந்தப் புள்ளைகளுக்குப் ஃபீஸ் கட்டினவங்க வயிறு எரியாதா?”ன்னு கேட்டாங்க. எதிரணி இன்னிக்குப் பேசினது முழுக்க என் மனைவி கேட்ட அந்த ஒரு கேள்விதான். நான் வீட்டிலும் பதில் சொல்லலை. இங்கே மைக் இருக்கு, சொல்லிடுறேன். (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி மூன்று குற்றம் சாட்டியது. ஒன்று, ஆள்மாறாட்டம். இரண்டு, பிள்ளைகளைப் பொய் சொல்லப் பழக்கினான். போட்டியில் இடமில்லை என்றதும் ‘எங்களுக்குத் தீராத வியாதி’ என்று பிள்ளைகளே நாடகமாடி இடம் வாங்குகிறார்கள். மூன்று, தன் பரிசுப் பணத்துக்காகப் பச்சைப் பிள்ளைகளைப் பயன்படுத்திக்கொண்டான்.

நடுவர் அவர்களே, இந்த மூன்றும் உண்மை. நான் ஒன்றைக்கூட மறுக்கப்போவதில்லை.

எதிரணி அதோட நிக்கலை. என் பாடத்திலேயே என்னை மடக்கினாங்க. பவணந்தி முனிவர் நன்னூலில், யாரெல்லாம் ஆசிரியராக இருக்கத் தகாதவர் என்று ஒரு பட்டியல் போடுகிறார். அதிலே வஞ்சம் என்று ஒரு குணம் வருகிறது. “வஞ்சகன் ஆசிரியன் ஆக மாட்டான்னு உங்க நன்னூலே சொல்லுதே, ஐயா என்ன சொல்லப்போறார்?”னு கேட்டாங்க.

அம்மா, முப்பது வருஷமா அந்த நூற்பாவை நான் நடத்துறேன். நீங்க வஞ்சத்தோட நிறுத்திட்டீங்க. பவணந்தியார் நிறுத்தலை. அடுத்த வார்த்தை என்ன தெரியுமா? அச்சம். கேட்கிற மாணவன் நடுங்குற மாதிரிப் பேசுறவனும் ஆசிரியன் இல்லைங்கிறார். வஞ்சத்தையும் அச்சத்தையும் பக்கத்துல பக்கத்துல உட்கார வச்சிருக்கார். (கைதட்டல்)

இப்போ அந்த வகுப்பறைக்கு வாங்க. சுவரில் ஒரு அட்டவணை தொங்குது. யார் நல்ல பிள்ளை, யாருக்குக் கரும்புள்ளி என்று அதில் கணக்கு. ட்யூவி முதல்நாள் செய்த காரியம், அதைக் கிழித்துப் போட்டதுதான். சோம்பேறித்தனத்தில்தான் கிழித்தான், ஒத்துக்கிறேன். ஆனால் கிழிந்தது பயம். அந்தப் பள்ளியில் யாருக்குத்தான் பயமில்லை? தலைமையாசிரியை ரோசலி மல்லின்ஸ், நடித்தவர் ஜோன் கியூசாக், கெட்டவரே இல்லை. ஒரு பாட்டைக் கேட்டதும் எழுந்து ஆடுகிற மனசு அவருக்கும் உண்டு. பெற்றோர்கள் என்ன சொல்வார்களோ என்கிற பயத்தில்தான் அந்த மனசைப் பூட்டி வைத்திருக்கிறார். பெற்றோருக்குப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிப் பயம். அந்தப் பயம் தலைமையாசிரியைக்கு, அவரிடமிருந்து ஆசிரியருக்கு, ஆசிரியரிடமிருந்து பத்து வயதுப் பிள்ளைக்கு. மாடியிலிருந்து தண்ணீர் இறங்குற மாதிரி இறங்கி, கடைசியில் சின்னப் பிள்ளை தலையில் கொட்டுது.

அந்தப் பயத்துக்கு நடுவே ட்யூவி என்ன செய்தான்? இசை வகுப்பில் பிள்ளைகள் வாசிப்பதை ஜன்னல் வழியாகக் கேட்டான். ‘இவ்வளவு இருக்கா உங்ககிட்ட!’ன்னு அசந்து போனான். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பார்க்கிறான். செல்லோ வாசிக்கிற கேட்டியின் கையில் பேஸ் கிட்டாரைக் கொடுக்கிறான். கீபோர்டு வாசிக்கிற லாரன்ஸ், ‘நான் மத்தப் பசங்க மாதிரி இல்லை, என்னை யாரும் சேர்த்துக்க மாட்டாங்க’ன்னு ஒதுங்குறான், அவனைத் தட்டிக்கொடுத்து மேடையில் ஏற்றுகிறான். டொமிகா நல்லாப் பாடுவா. ஆனா உடம்பு பருமன், எல்லாரும் சிரிப்பாங்கன்னு பயம். ட்யூவி தன் தொப்பையைக் காட்டி, ‘எனக்கும்தான் இருக்கு, பாட ஆரம்பிச்சா யார் பார்க்கிறா?’ங்கிற தொனியில் அவளைத் தேற்றுகிறான். எதையெடுத்தாலும் மதிப்பெண் கணக்குப் பார்க்கிற சம்மர், குழுவுக்கே மேலாளர் ஆகிறாள். வாசிக்கத் தெரிந்தவனுக்கு வாத்தியம், தெரியாதவனுக்கு விளக்கு, உடை, காவல். வகுப்பில் ஒரு பிள்ளை மிச்சமில்லை. நம்ம பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நாடகத்துக்குப் பத்துப் பேரை எடுத்துட்டு, மீதிப் பேரைக் கைதட்ட வைக்கிறோமே, அது இல்லை இது. (கைதட்டல்)

இன்னொன்று சொல்கிறேன். படத்தில் வாத்தியம் வாசிக்கும் அந்தப் பிள்ளைகள் நிஜமாகவே வாசிக்கத் தெரிந்தவர்கள். 2015-இல் நியூயார்க்கின் பிராட்வேயில் இதை இசை நாடகமாகப் போட்டபோதும் பிள்ளைகள் மேடையிலேயே வாசித்தார்கள். ஆள்மாறாட்டத்தைப் பற்றிய கதையில் வாசிப்பில் மட்டும் ஆள்மாறாட்டம் இல்லை!

‘அனுமதி கேட்டானா?’ என்று எதிரணி கேட்டது. படத்துக்குள்ளே ட்யூவி யாரிடமும் கேட்கவில்லை, தப்பு. படத்துக்கு வெளியே ஜாக் பிளாக் கேட்டார். லெட் செப்லின் என்று ஒரு பெரிய இசைக்குழு; தங்கள் பாட்டைப் படங்களுக்கு லேசில் கொடுக்காதவர்கள். போட்டிக் காட்சிக்காகக் கூடியிருந்த கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டு, ‘ஐயா, தயவு பண்ணி ஒரு பாட்டுக் கொடுங்க’ன்னு மேடையிலிருந்து கெஞ்சிப் படம் பிடித்து அனுப்பினார்கள். அவர்களும் கொடுத்தார்கள். கேட்டிருந்தால் பெற்றோர்களும் கொடுத்திருப்பார்களோ என்னவோ!

சரி, இவன் எப்போது ஆசிரியன் ஆனான்? கிட்டார் சொல்லிக்கொடுத்தபோது இல்லை. ஸாக் என்கிற பையன் இருக்கிறான். அப்பாவுக்கு ராக் இசை பிடிக்காது; பையன் பயந்து பயந்து வாசிப்பான். அவன் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறான். ட்யூவி அதைக் கேட்கிறான். கேட்டுவிட்டு, போட்டிக்காகத் தான் எழுதி வைத்திருந்த பாட்டை ஒதுக்கிவிட்டு, ‘நாம இதைத்தான் வாசிக்கப் போறோம்’ங்கிறான். நடுவர் அவர்களே, இவன் யாரு? மேடையை விட்டு இறங்க மாட்டேன்னதுக்காகவே சொந்தக் குழு துரத்திவிட்ட ஆள்! அவன் ஒரு பத்து வயதுப் பையனுக்கு இடம் விடுகிறான். தான் ஒதுங்கி மாணவனை முன்னே விட்டான் பாருங்கள், அந்த நிமிஷத்தில் ஆசிரியன் ஆகிவிட்டான். (பலத்த கைதட்டல்)

வஞ்சத்துக்குத் தண்டனை இல்லையா? உண்டு. பெற்றோர் கூட்டத்தன்று குட்டு வெளிப்படுகிறது. அவமானப்பட்டு ஓடி, எழுந்திருக்க மனமில்லாமல் படுத்துக் கிடக்கிறான். பிள்ளைகளே பஸ்ஸைக் கொண்டுவந்து அழைத்துப்போகிறார்கள். போட்டியில் பரிசும் கிடைக்கவில்லை. அவனைத் துரத்திய பழைய குழுதான் வாங்குகிறது. ஆனால் மக்கள் இந்தப் பிள்ளைகளைத்தான் ‘மறுபடி வாசி’ என்று கேட்கிறார்கள். கடைசியில் பள்ளி முடிந்த மாலை நேரத்தில் இசை வகுப்பு நடத்துகிறான். நண்பன் நெட்டும் சேர்ந்துகொள்கிறான். காலையில் பள்ளிக்கூடம், மாலையில் இசை. எனவே பாடமே வேண்டாம் என்று இந்தப் படம் சொல்லவில்லை, அம்மா.

இப்போ என் கதைக்கு வர்றேன். இதைச் சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

பல வருஷத்துக்கு முன்னால், யாப்பிலக்கணம் நடத்திக்கிட்டிருக்கேன். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். கடைசி பெஞ்சில் ஒரு பையன் விரலால் பலகையில் தட்டிக்கிட்டே இருந்தான். ‘எழுந்திருடா! இது வகுப்பா, கொட்டடிக்கிற இடமா?’ன்னு நாலு பேர் சிரிக்கிற மாதிரிப் பேசி, வெளியே அனுப்பினேன். மறுநாள் வந்தான். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். அந்த வருஷம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தான். நல்ல மார்க். அவன் அம்மா வெற்றிலை பாக்கு பழத்தோட வந்து, “உங்களாலதான் சார் அவன் அடங்கினான்”னாங்க. நான் தட்டை வாங்கிக்கிட்டேன்.

இந்தப் படம் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அந்தத் தட்டு காதில் கேட்டுச்சு. தேமாவுக்கு ரெண்டு நெடுந்தட்டு. புளிமாவுக்கு ரெண்டு குறுந்தட்டு, ஒரு நெடுந்தட்டு. நடுவர் அவர்களே, அவன் தாளம் போட்டது என் பாடத்துக்கு! அன்னிக்கு அந்த வகுப்பில் யாப்பு புரிஞ்சது அவன் ஒருத்தனுக்குத்தான். அவனைத்தான் நான் வெளியே அனுப்பினேன்.

(அரங்கில் அமைதி)

நன்னூல் கணக்குப்படி ட்யூவியும் தேற மாட்டான், நானும் தேற மாட்டேன். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அவன் வஞ்சம் சில வாரத்தில் பிடிபட்டது, ஊர் கூடிக் கேட்டது. என் அச்சத்தை யாரும் கேட்கலை. பழத்தட்டுதான் கொடுத்தாங்க. வஞ்சம் மாட்டிக்கும், அச்சம் பாராட்டு வாங்கும். அதனாலதான் ரெண்டில் அச்சம் பெரிய ஆபத்துங்கிறேன். (நீண்ட கைதட்டல்)

என் மனைவி கேட்ட கேள்விக்கு இப்போ பதில் சொல்றேன். ஃபீஸ் கட்டினவங்க வயிறு எரியும், நியாயம்தான். ஆனா அன்னிக்கு அந்த மேடைக்குக் கீழே நின்னு, தன் பிள்ளை யாருன்னு முதல் தடவையாப் பார்த்தாங்களே, அதுக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல ஃபீஸ் வாங்குறாங்க?

ஆகவே நடுவர் அவர்களே, பொய் சொன்னதற்கு ட்யூவிக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் ஆசிரியன் என்கிற பெயரை மட்டும் அவனிடமிருந்து பறிக்காதீர்கள். பெற்றோர்களே, இன்னிக்கு ராத்திரி உங்க பிள்ளை சாப்பாட்டுத் தட்டில் தாளம் போட்டால், ‘சத்தம் போடாதே’ன்னு சொல்றதுக்கு முன்னால், அது என்ன தாளம்னு ஒரு நிமிஷம் கேளுங்க. நான் கேட்கத் தவறிட்டேன். நீங்க தவறிடாதீங்க.