யாக்கையும் யாப்பும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தமிழில் 'யாத்தல்' என்றால் கட்டுதல். அவ்வேரிலிருந்து கிளைத்த இரு சொற்கள் நமக்கு நெருக்கமானவை. சொற்களால் கட்டப்படும் செய்யுளின் அமைப்பு யாப்பு. தாதுக்களால் கட்டப்படும் உடல் யாக்கை. செய்யுளுக்கு இலக்கணம் வகுக்குமிடத்து நன்னூலாரும் உயிர் தங்கும் உடலையே உவமை காட்டுகிறார். இவ்வுவமையைச் செய்யுளின் பக்கம் நின்று நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று உடலின் பக்கம் நின்று பேச விரும்புகிறேன். கருவில் ஓர் உடல் எவ்வாறு யாக்கப்படுகிறது?

'எல்லாம் மரபணுவில் எழுதியிருக்கிறது' என்பதே இன்று பலரும் கூறும் விடை. பழைய தலையெழுத்து புதுப்பெயர் சூட்டிக்கொண்டு வந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. மரபணு இன்றி உடல் இல்லை; அதில் ஐயமில்லை. எப்புரதம் எங்கே, எப்போது, எவ்வளவு உண்டாக வேண்டும் என்பதில் அதன் ஆட்சி பெரிது. ஆயினும் எழுத்து தானே உருவமாகிவிடுவதில்லை. திசு வளைவதும் மடிவதும் சுருள்வதும் இழுவிசை, அழுத்தம் முதலிய இயற்பியல் விசைகள் இன்றி நிகழா.

இக்கருத்து நூறாண்டுகளுக்கும் முந்தியது. லைப்சிக் நகரப் பேராசிரியர் வில்ஹெல்ம் ஹிஸ், 1874இல் வெளியிட்ட நூலில், ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் திசு வளர்வதால் எழும் மடிப்புகளே உறுப்புகளின் தொடக்கம் என வாதிட்டார். ரப்பர்க் குழாயை வளைத்துக் கருவின் வடிவங்களோடு ஒப்பிட்டார். பரிணாம வரலாறே போதிய விளக்கம் எனக் கருதிய எர்ன்ஸ்ட் ஹெக்கல் அதனை எள்ளி நகையாடினார். பின்னர், அரிஸ்டாட்டிலின் விலங்கியல் நூலைக் கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்திற்குப் பெயர்த்த டார்சி தாம்சன், வளர்ச்சியும் வடிவமும் பற்றிய தம் பெருநூலை 1917இல் வெளியிட்டார். உயிரின் வடிவம் விசைகளின் வரைபடம் என்பது அவர் கொள்கை.

ஹிஸ் கையிலெடுத்த ரப்பர்க் குழாய் 2011இல் மீண்டும் ஆய்வுக்கூடத்திற்கு வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற எல். மகாதேவனும் கிளிஃபோர்ட் டாபினும் ஹார்வர்டில் தம் குழுவினரோடு கோழிக்கருவின் குடலை ஆராய்ந்தனர். குடலை முதுகுப்புறத்தோடு பிணைத்து நிற்பது ஒரு மெல்லிய சவ்வு. குடல் விரைந்து நீள்கிறது. சவ்வு மெல்ல வளர்கிறது. நீள விரும்பும் குழாயைச் சவ்வு இழுத்துப் பிடிக்க, குழாய் வளைந்து சுருள்கிறது. சவ்வை அறுத்துப் பிரித்தபோது சுருள்கள் அவிழ்ந்து குடல் நேரானது. இழுத்துப் பிடித்த ரப்பர்த் தாளில் குழாய் ஒன்றைத் தைத்துவிட, கோழிக்குடலின் சுருள்களே அங்கும் தோன்றின. சுருள்களின் எண்ணிக்கையும் அளவும் தனித்தனியே எங்கும் எழுதப்படவில்லை. வளர்ச்சிக்கும் பிணைப்புக்கும் இடையிலான இழுபறியே அவற்றை வகுத்தது.

கவிஞர்களே, இப்பிணைப்புக்கு நம் இலக்கணத்தில் ஒரு பெயர் உண்டு: தளை. நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் கொள்ளும் உறவைத் தளை என்றனர். விலங்கு என்பதும் அச்சொல்லின் பொருளே. விலங்கெனக் கண்டு அதனை உடைத்தோரும், உறவெனக் கண்டு அதனைப் போற்றியோரும் பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் வழக்காடி வருகிறோம்.

குடலின் கதையால் மரபுக்கவிஞர் வென்றார் எனக் கூற நான் வரவில்லை. அச்சவ்வு வெளியிலிருந்து பூட்டப்பட்டதன்று. அதே கருவில் பிறந்து, அதுவும் வளர்வது. வளராத சவ்வு குடலை நெரிக்கும். சவ்வே இல்லாத குடல் சுருளாது. புதுக்கவிதையாயினும் பேச்சின் மூச்சோ நினைவின் இழுப்போ உள்ளிருந்து பிடித்தாலன்றி அது நீளுமே தவிர வடிவு கொள்ளாது.

மறுபக்கமும் ஒன்று உண்டு. கோழிக்கருவின் தசைகளை மருந்தால் அசையாமற்செய்த ஆய்வொன்று 1966இல் வெளிவந்தது. எலும்புகள் உண்டாயின, ஆயின் அவற்றினிடையே மூட்டுக் குழிகள் முறையாக உருவாகவில்லை, எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மூட்டு அமைந்தபின் கால் அசைகிறது என நினைக்கிறோம். அசைவதாலும் மூட்டு அமைகிறது. தளை தட்டாத வெண்பாக்கள் சில ஏன் நடவாமல் நிற்கின்றன என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் நான் அறியேன்.

எழுத்து வாசிக்கப்படுவதும் அது நிற்கும் நிலத்தைப் பொறுத்ததே. எலும்பு மச்சையின் குருத்தணுக்களை வெவ்வேறு கடினமுள்ள பரப்புகளில் வளர்த்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், மென்பரப்பில் அவை நரம்பணுவின் சாயலையும், சற்றுக் கடினமானதில் தசையின் சாயலையும், மேலும் கடினமானதில் எலும்பின் சாயலையும் கொண்டன. மரபணு ஒன்றே, நிலம் வேறு.

'இவன் பிறவி இப்படி' என்று ஒரு மாணவனைக் கைவிடும் சொல்லை வகுப்பறைகளிலும் வீடுகளிலும் கேட்கிறோம். பிள்ளையின் குறைக்குத் தாயின் வழியைப் பழிக்கும் சொல்லையும் கேட்கிறோம். பிறவாத கருவிலேயே உடல் எழுதி முடிக்கப்பட்டதாக இல்லை. இழுத்தும் தாங்கியும் அசைந்தும் யாக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. பிறந்த பின்னரா தலையெழுத்து முடிந்துவிடும்? சொல்லால் யாப்போராகிய நாம் அச்சொற்களை மறுக்கக் கடமைப்பட்டவர்கள்.

வளர விடும் தளையாகப் பத்தாண்டு நம்மைப் பிணைத்த இவ்வட்டம் நீடு வாழ்க!