வலிய கையும் நிதான ஏலமும்



ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சீட்டுக்கட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று உங்கள் பெற்றோர் ஐயுறக்கூடும். பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை நான் கூறவில்லை. நான் கூற வந்தது கான்ட்ராக்ட் பிரிட்ஜ். 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இது முதன்முறையாக இடம்பெற்றது. ஆடவர் இரட்டையர் பிரிவில் நம் நாட்டின் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் தங்கம் வென்றனர். பர்தனுக்கு அப்போது வயது 60. ஓட்டப் பந்தயத்தில் இது நடக்குமா?

ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடுவோர் நால்வர், எதிரெதிரே அமர்பவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டு. ஆகவே 13 பிடி. ஆட்டத்திற்கு முன்னர் ஏலம் நடைபெறும். 'நான்கு இஸ்பேட்' என்றால், இஸ்பேடைத் துருப்பாகக் கொண்டு ஆறும் நான்கும் பத்துப் பிடி எடுப்போம் என்று பொருள். கையை மதிப்பிட ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று புள்ளியிடுவர். கூட்டாளியின் கை நமக்குத் தெரியாது. ஏலச் சொல் ஒன்றே இருவருக்கும் இடையேயுள்ள மொழி.

1986ஆம் ஆண்டு, நான் இளம் ஆசிரியன். என் கூட்டாளி மூத்த ஓவிய ஆசிரியர். ஒரு மனமகிழ் மன்றத்தின் போட்டியில் இறுதியாட்டம். அவர் 'ஒரு இஸ்பேட்' என்று ஏலத்தைத் தொடங்கினார். என் கையில் இஸ்பேட் ராஜா, ராணி உட்பட நான்கு. ஆர்ட்டின் ஏஸுடன் மூன்று. டைமன் ஏஸுடன் நான்கு. கிளாவர் ராஜாவுடன் இரண்டு. மொத்தம் 16 புள்ளி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே 'நான்கு இஸ்பேட்' என்று பாய்ந்துவிட்டேன். அவர் சற்று யோசித்து, 'பாஸ்' என்றார்.

அவர் கையில் இருந்தவை: இஸ்பேட் ஏஸ், ஜாக்கி உட்பட ஐந்து, ஆர்ட்டின் ராஜா, ராணியுடன் நான்கு, டைமன் ஒன்றே ஒன்று, கிளாவர் ராணியுடன் மூன்று. அது 12 புள்ளி. கிளாவர் ஏஸ் ஒன்றைத்தான் எதிரணி எடுத்தது. நாங்கள் 12 பிடி எடுத்தோம். அதற்குக் கிடைத்தது 480. மற்ற மேசையில் இதே சீட்டுகளுக்கு எதிரணி 'ஆறு இஸ்பேட்' கேட்டு 980 பெற்றது. கேட்டுப் பெற்ற 12 பிடிக்கே ஸ்லாம் என்னும் வெகுமதி உண்டு. கேளாமல் எடுத்தால் இல்லை. அந்த 500 எங்களுக்குக் கிட்டவில்லை. மொத்தத்தில் 300 புள்ளியில் தோற்றோம்.

அவர் ஏன் நிறுத்தினார்? நேரே நான்குக்குப் பாய்வது, துருப்பு நிறைய இருந்தும் வலிமை குறைந்த கைக்குரிய ஏலம். எதிரணியின் வாயை அடைப்பதற்காகச் செய்வது. நான் சொன்ன மொழியை அவர் சரியாகவே புரிந்துகொண்டார். சொன்னவன்தான் தவறாகச் சொன்னான். கணக்கில் விடையை மட்டும் எழுதி வழிமுறையை விட்டுவிடும் பையன்களுக்கு மதிப்பெண் குறைத்தவன் நான். அன்று நானே அந்தப் பையன். அவரோ கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, நல்ல கையை மெதுவாகச் சொல்ல வேண்டும்" என்று மட்டும் கூறிவிட்டு, ஆறிப்போன காப்பியை அருந்தினார்.

பின்னரே ஜேக்கபியின் முறையைக் கற்றேன். ஆஸ்வல்ட் ஜேக்கபி அமெரிக்க ஆட்டக்காரர். கூட்டாளி ஒரு இஸ்பேட் அல்லது ஒரு ஆர்ட்டின் என்று தொடங்கினால், நாம் 'இரண்டு நோ டிரம்ப்' என்கிறோம். அந்த இனத்தில் எனக்கு நான்கு சீட்டு உண்டு, பத்துப் பிடிக்குரிய வலிமையும் உண்டு, உன் கையைப் பற்றிச் சொல் என்பது அதன் பொருள். தொடங்கியவர் தமக்கு ஒற்றைச் சீட்டே உள்ள இனத்தை, அல்லது அறவே இல்லாத இனத்தை, மூன்றாம் படியில் கூறுவார். அன்று அவர் 'மூன்று டைமன்' என்றிருப்பார். டைமனில் எனக்கு ஏஸைத் தவிர வேறு பெரிய சீட்டில்லை, வீணாவது எதுவுமில்லை. என் புள்ளிகள் எல்லாம் வேலை செய்யும் இடத்தில் இருந்தன.

இங்கேதான் நுட்பம். அவருக்கு டைமன் மூன்றும் கிளாவர் ஒன்றும் இருந்து, அந்த ராணி டைமனில் இருந்ததாகக் கொள்ளுங்கள். புள்ளி அதே 28. ஆயினும் கிளாவர் ஏஸோடு டைமனிலும் ஒரு பிடி போகும், 11 பிடிதான். கூட்டாளிக்கு ஒற்றைச் சீட்டுள்ள இனத்தில் நம் ராஜா பாதி வேலையற்றவர்! கூட்டலை மட்டும் நம்புவோர் இதில்தான் ஏமாறுவர்.

இடம் பொருந்தினால், அடுத்துப் பிளாக்வுட் முறைப்படி 'நான்கு நோ டிரம்ப்' என்று ஏஸ்களைக் கேட்கலாம். 'ஐந்து டைமன்' என்றால் ஓர் ஏஸ். 'ஐந்து ஆர்ட்டின்' என்றால் இரண்டு. என்னிடம் இரண்டு, அவரிடம் ஒன்று, ஒன்று குறைகிறது, ஆறோடு நிற்க வேண்டும். நம் கையில் ஓர் இனம் அறவே இல்லையென்றால் இக்கேள்வியைக் கேட்காதீர்கள். அவர் சொல்லும் ஏஸ் அந்தப் பயனற்ற இனத்திலேயே இருக்கக்கூடும்.

மறு ஆண்டு அதே மன்றம், அதே கூட்டாளி. மீண்டும் 'ஒரு இஸ்பேட்' என்றார். மீண்டும் எனக்கு 16 புள்ளி. அவற்றில் கிளாவர் ராஜாவும் ராணியும் அடக்கம். 'இரண்டு நோ டிரம்ப்' என்றேன். அவர் 'மூன்று கிளாவர்' என்றார். ஆசையை அடக்கிக்கொண்டு நான்கு இஸ்பேடில் நின்றேன். எடுத்தவை 11 பிடி. மற்ற மேசையில் ஆறு கேட்டவர்கள் ஒரு பிடியில் தோற்றனர். ஓவிய ஆசிரியர் அன்று காப்பியைச் சூடாகவே அருந்தினார்.