உழைப்பின் சோர்வும் எண்ணெய் நீராட்டும்



உள்ளத்தின் களைப்பைப் பற்றி வானொலியில் பேசுவதற்கு மைசூரு பொருத்தமான நகரமே. மகாராஜா கல்லூரியில் உளவியற் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலசுவாமி 1935ஆம் ஆண்டில் இந்நகரிலே, தம் இல்லத்திலேயே ஒலிபரப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு வழங்கிய 'ஆகாசவாணி' என்னும் பெயரே பின்னர் நாடு முழுவதும் பரவியது. மனத்தை ஆராய்ந்த அறிஞர் ஒருவர் வானொலிக்கு வித்திட்ட ஊர் இது.

உழைத்தவன் களைப்பது புதிதன்று. கழனியில் பாடுபட்டவன் மாலையில் களைத்தான். உண்டான், உறங்கினான், விடியலில் தெளிந்து எழுந்தான். ஆனால் உறங்கி எழுந்தும் தீராத சோர்வு ஒன்று உண்டு. 1974ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் அதனைப் பற்றி எழுதினார். 2019ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அதன் இயல்பை வரையறுத்தது. ஆற்றல் வற்றிப்போதல், செய்யும் தொழிலில் மனம் ஒட்டாமை, 'நம்மால் எதுவும் ஆகவில்லை' என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். அது நோயென வகுக்கப்படவில்லை என்பதையும், பணியிடத்து நெருக்கடி நெடுநாள் தீர்க்கப்படாமல் நிற்பதன் விளைவே அது என்பதையும் நேயர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். பின்னால் நான் சொல்லப்போவது இதையொட்டியே நிற்கின்றது.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கு வந்து, கணிப்பொறித் தொழிலில் பணிபுரிகின்றார். கடல்கடந்த நாட்டினரோடு பேச வேண்டியிருப்பதால் வாரத்தில் ஐந்து இரவுகள் விழித்திருந்தார். கழுத்தும் தோளும் கல்லாக இறுகின. உணவு கசந்தது, ஊரிலிருந்து தாயார் தொலைபேசியில் அழைத்தாலும் எடுக்க மனமில்லை. சனிக்கிழமைதோறும் பணம் கொடுத்து உடம்பு பிடித்துவிடும் நிலையம் ஒன்றுக்குச் சென்றார். ஞாயிறு சுகமாகக் கழிந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் தோள் மீண்டும் கல்லாயிற்று. "பிடித்துவிடுவதெல்லாம் வெறும் ஏமாற்று" என்று அவர் என்னிடம் கூறினார். அது ஏமாற்றன்று. அவர் அதனிடம் அதனால் இயலாத ஒன்றைக் கேட்டார், குறை அதுவே.

அதனால் இயன்றது எது? மேசைமுன் பல மணி நேரம் அமர்ந்திருக்கும்போது கழுத்துத் தசைகள் நாம் அறியாமலே இறுகி நிற்கின்றன. மெதுவாக, ஒரே சீராக நீவும்போது அவ்விறுக்கம் தளர்கின்றது, மூச்சு ஆழமாகின்றது, நாடித்துடிப்பு சற்றே தணிகின்றது, பதற்றம் சில நாழிகைக்கேனும் குறைகின்றது. ஆராய்ச்சிகள் இதுவரை உறுதியாகக் காட்டுவது இத்தகைய குறுகியகால ஆறுதலையே. உடலிலுள்ள நச்செல்லாம் வெளியேறிவிடும் என்று விளம்பரம் செய்வாரை நம்ப வேண்டுவதில்லை.

நம் முன்னோர் இக்கலையை நுட்பமாக அறிந்திருந்தனர். சித்த மருத்துவம் இதனைத் 'தொக்கணம்' என்று வழங்கி, தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல், அசைத்தல் முதலாக ஒன்பது வகைப்படுத்தும். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் எண்ணெய் தேய்த்தலை அன்றாடக் கடமையாகவே வைத்து, தலை, காது, உள்ளங்கால் ஆகிய மூன்றிடங்களில் சிறப்பாகத் தேய்க்கச் சொல்கின்றது. செரியாமை உற்றவர் விலக்க வேண்டும் என்றும் அதே நூல் எச்சரிக்கின்றது.

மைசூருக்கும் இதில் பழம்பெருமை உண்டு. தசராவில் அரண்மனையில் வஜ்ரமுஷ்டி மற்போர் புரியும் ஜேஷ்டிமல்லர் மரபினர் எலும்பு முறிவைச் சீர்செய்வதிலும் பெயர்பெற்றவர்கள். இந்நகரின் பழைய தெருக்களில் 'கரடிமனை' என்று கன்னடத்தில் வழங்கும் மற்பயிற்சிக் கூடங்கள் உள்ளன. (நம்மவர் பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா, அங்கு விலங்கு எதுவும் இல்லை.) பட்டாபி ஜோயிஸ் வளர்த்த யோகப் பயிற்சியில் சனிக்கிழமை ஓய்வுநாள், அன்று விளக்கெண்ணெய் தேய்த்து நீராடும் வழக்கமும் உண்டு. அயல்நாட்டினர் கோகுலம் பகுதிக்கு வந்து நம் சனி நீராட்டைக் கற்றுச் செல்கின்றனர். நம் பிள்ளைகளோ சனிக்கிழமையை உறங்கியே கழிக்கின்றனர்!

அவர்களை மட்டும் குறை கூறுவதும் நேர்மையன்று. ஊரில் இருந்தபோது உச்சியில் எண்ணெயை வைத்துத் தட்டியவள் பாட்டி. முதுகைத் தேய்த்தவர் மாமா. வெந்நீர் விளாவியவள் அக்கா. நாம் எண்ணெயை மறக்கவில்லை. அக்கைகளைவிட்டு விலகி வந்துவிட்டோம். அறை ஒன்றில் மூவராக வாழும் இளைஞர் ஒருவர்க்கொருவர் முதுகு தேய்த்துவிட்டால் என்ன? அதில் வெட்கம் எதற்கு?

பொருள்களுக்கும் இங்கே குறைவில்லை. நாம் நல்லெண்ணெய் என்பதைக் கன்னடரும் 'ஒள்ளெண்ணெ' என்றே அழைப்பர். இரு மொழியும் எள்ளின் நெய்யை நல்லது என்று ஒருங்கே போற்றியிருக்கின்றன. தேவராஜ மார்க்கெட்டை அடுத்த நாட்டுமருந்துக் கடைகளில் சீகைக்காய் கிடைக்கும். 'சீகேகாயி' என்று கேளுங்கள். எண்ணெயை இளஞ்சூடாக்கி உச்சி தொடங்கி உள்ளங்கால் வரை பதற்றமின்றித் தேய்த்து, அரைமணி நேரம் வாளாவிருந்து, வெந்நீரில் நீராடலாம். தீபாவளிக்கு முன்னாள் மாலை இங்குள்ள வீடுகளில் அண்டாவைத் துலக்கி நீர் நிரப்புவதை ஒரு விழாவாகவே கொண்டாடுவர். அண்டை வீட்டார் அழைத்தால் மறுக்காமல் செல்லுங்கள்.

சில எச்சரிக்கைகள். காய்ச்சலின்போது இது வேண்டா. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தால் அதை அழுத்தவே கூடாது; இரத்தக் கட்டியாக இருக்கலாம்; மருத்துவரை நாடுக. கருவுற்றோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போரும் கேட்டறிந்தே செய்துகொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் கொடியது, கழுத்தைத் திருப்பிச் சொடுக்கெடுக்கும் பழக்கம். 2024ஆம் ஆண்டில் முடிதிருத்தகத்தில் கழுத்தை முறுக்கியதால் பல்லாரியைச் சேர்ந்த ஒருவருக்குப் பக்கவாதம் கண்டதென நாளேடுகள் எழுதின. கழுத்தில் ஏறும் இரத்தக்குழாய் கிழிந்தால் அவ்வாறு நேரும். தேய்க்கட்டும், நீவட்டும், முறுக்க முற்பட்டால் எழுந்துவிடுங்கள். முறையான சிகிச்சை வேண்டுவோருக்கு சையாஜிராவ் சாலையில் அரசினர் ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கின்றது.

இனி அந்த இளைஞரிடம் திரும்புவோம். சோர்வின் வேர் அவர் தோளில் இல்லை. அவருடைய பணிநேர அட்டவணையில் இருந்தது. தோளைத் தேய்த்தால் அட்டவணை மாறுமா? ஐந்து இரவு விழிப்பு நீடிக்கும்வரை எந்த எண்ணெயும் செவ்வாய்க்கிழமையைத் தாண்டாது. உறக்கம் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் தலைகாட்டுமானால் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம், மைய அரசின் மனநலத் தொடர்பு அது, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். இதனை அவருக்கும் சொன்னேன். அவர் அவ்வளவுதூரம் செல்ல நேரவில்லை. அலுவலகத்து மேலதிகாரியிடம் தம் நிலையை எழுத்தில் கொடுத்தார். முதன்முறை மறுத்தனர். இரண்டாம் முறை மருத்துவரின் சான்றோடு கொடுத்தார். இரவுப்பணி ஐந்திலிருந்து இரண்டாயிற்று. ஊதியத்தில் சிறிது குறைந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் அவர் நிலையம் எதற்கும் செல்வதில்லை. அறைத்தோழர் முதுகு தேய்த்துவிடுகின்றார். முன்மாதிரி உடல்தேறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் தாயார் அழைத்தால் எடுத்துப் பேசுகின்றார்.