பால் விலையை யார் தீர்மானிப்பது?

(சித்தூரில் கட்சி ஊழியர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



வளர்ச்சி வந்தால் வறுமை தானே ஒழியும் என்று ஆளும் வர்க்கத்தினர் நமக்கு ஓயாமல் பாடம் நடத்துகின்றனர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிஞர் அதுல் கோலியின் ஆய்வு இப்பாடத்தை ஏற்கவில்லை. இந்திய மாநிலங்களில் அரசும் வறுமையும் பற்றி 1987இல் அவர் எழுதிய நூல் மேற்கு வங்கம், கர்நாடகம், உத்தரப்பிரதேசம் ஆகிய மூன்றையும் ஒப்பிடுகிறது. அரசியல் சட்டம் ஒன்று; விளைவுகள் வேறு. உத்தரப்பிரதேசத்தின் ஜனதா ஆட்சி நிலமுடையோரைச் சார்ந்து நின்றது. கர்நாடகத்தில் தேவராஜ் அர்ஸ் சில சீர்திருத்தங்களைக் கொணர்ந்தார். அவற்றைக் கீழ்மட்டம் வரை கொண்டு செல்லக் கட்டுக்கோப்பான கட்சி அவரிடம் இல்லை. மேற்கு வங்கத்திலோ, 1978இல் தொடங்கிய பர்கா பதிவு நடவடிக்கையின் மூலம் ஏறத்தாழ 14 லட்சம் வாரக் குத்தகை விவசாயிகள் உரிமை பெற்றனர். ஆட்சியிலுள்ள கட்சி எந்த வர்க்கத்தின் தோளில் நிற்கிறது, கிராமம் வரை அதற்கு அமைப்பு உண்டா என்பதே வேறுபாடு. (அதே வங்கத்தில் பின்னாளில் சிங்கூரில் நிலம் எடுத்தபோது நேர்ந்ததையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.) 1980 முதலே மத்திய அரசு பெருமுதலாளிகளின் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதும் கோலியின் முடிவு. அவர் மார்க்சியவாதி அல்லர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். மழை பொய்த்து நிலக்கடலை கருகிய ஆண்டுகளில் இங்குள்ள குடும்பங்களைத் தாங்கியது கறவை மாடுதான். சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை 2002இல், தெலுங்கு தேசம் ஆட்சியில், மூடப்பட்டது. 2023 ஜூலையில், ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் ஆட்சியில், அதே பண்ணையை அமுல் நிறுவனத்தின் மூலம் புதுப்பிக்க அடிக்கல் நாட்டப்பட்டது. மூடியது யாருடைய ஆதாயத்துக்காக என்று இரு கட்சிகளும் மேடைதோறும் சண்டையிடுகின்றன. முடிவெடுக்கும் அவையில் பால் ஊற்றும் பெண்ணுக்கு இடம் இருந்ததா என்று மட்டும் எந்த மேடையிலும் கேட்கப்படுவதில்லை.

கூட்டுறவில் ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் பத்து மாடு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்குதான். நடைமுறையில் பணக்கார விவசாயிகளே பல சங்கங்களை ஆட்டிப்படைத்தனர் என்பது உண்மை. ஆயினும் தலைவரை எதிர்த்து நிற்கப் பொதுக்குழு என்று ஓர் இடம் இருந்தது. தனியார் கொள்முதல் நிலையத்தில் அதுவும் இல்லை. கொழுப்பு இவ்வளவு என்று கருவி காட்டும். விலை அதன்படி குறையும். கருவியைச் சரிபார்க்கும் உரிமை நமக்கில்லை.

திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியையும் இதோடு வைத்துப் பாருங்கள். சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் முதலீடு செய்வோருக்கு 15 ஆண்டு வருமான வரிச் சலுகையை 2005ஆம் ஆண்டுச் சட்டமே எழுத்தில் உறுதி செய்தது. அங்கு வேலைக்குச் செல்லும் நம் பெண்களின் ஊதியத்துக்கு அப்படி ஓர் உறுதி எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை.

ஆகவே அடுத்த மாதத்துக்குள் ஒவ்வொரு மண்டலக் குழுவும் தன் ஊர்களில் லிட்டருக்குக் கிடைக்கும் விலை, தீவனச் செலவு, பணம் கைக்கு வர ஆகும் நாட்கள் ஆகிய மூன்றையும் வீடு வீடாகக் கேட்டு எழுதி வரவேண்டும். மாவட்ட ஆட்சியரிடம் செல்லும்போது நம் கையில் அந்த ஏடு இருக்கட்டும்.